மெர்சிங் போகவேண்டிய மிஸ்ஸி

டாக்டர் தொலைபேசியில் மருந்தைச் சொல்லி முடித்ததும் அவள் போனை வைக்க மாட்டாள். "டாக்டர், நான் ஒருமுறை திருப்பிப் படிக்கிறேன்" என்பாள். நோயாளியின் பெயர், கட்டில் எண், மருந்து, அளவு, நேரம் என்று தான் எழுதியதை வரிசையாகப் படிப்பாள். மறுமுனையில் "சரி" என்று வந்த பிறகுதான் போன் கீழே இறங்கும்.

தாதியர் படிப்பில் இதை எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் வேலைக்கு வந்து சில மாதங்கள் போனால் பலருக்கு அது சுருங்கிவிடும். டாக்டர் அவசரத்தில் இருப்பார். இவர்களுக்கும் பத்து வேலை இருக்கும். "ஓகே டாக்டர், ஓகே டாக்டர்" என்று முடித்துவிடுவார்கள். இவளுக்குக் கடைசிவரை சுருங்கவில்லை.

பாசிர் கூடாங்கில் அது ஒரு சிறிய தனியார் மருத்துவமனை. நான் அங்கே அட்டெண்டன். படுக்கை விரிப்பது, நோயாளிகளைத் தள்ளுவண்டியில் எக்ஸ்ரேக்குக் கொண்டுபோவது, உடம்பு துடைத்துவிடுவது என் வேலை. ஐந்தாம் படிவம், அதாவது பதினேழு வயது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. யாராவது எதையாவது கேட்டால் "பாக்கலாம்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். அதனாலேயே அவளை நான் அதிகம் கவனித்தேன் என்று நினைக்கிறேன்.

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. வார்டில் தாதிகள் எல்லாரையும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். என் மகளைவிட இரண்டு வயதுதான் மூத்தவள் என்றாலும் "மிஸ்ஸி, வாங்க, போங்க" என்றுதான் பேசுவேன். அவள் என்னை அக்கா என்பாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு சம்பவம் நடந்தது. ஒரு டாக்டர் மாலையில் போன் செய்து ஆறாம் கட்டில் பெரியவருக்கு ஒரு மருந்தைச் சொன்னார். இவள் பெயரோடு திருப்பிப் படித்தாள். அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "இல்லை, அது ஒன்பதாம் கட்டிலுக்கு" என்று குரல் வந்தது. மறுநாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "நேத்து போன் எடுத்தது யாரு?" என்று கேட்டார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள். அவர் நன்றி எதுவும் சொல்லவில்லை. ஒருமுறை தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இவள் போனை எடுத்தால், படித்து முடிக்கும்வரை அவரே காத்திருப்பார்.

என்னிடமும் அப்படித்தான்.

"அக்கா, ஆறாம் கட்டில் அங்கிள எப்ப ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போவீங்க?"

"பாக்கலாம் மிஸ்ஸி."

"பாக்கலாம்னா எத்தன மணிக்கா?"

நான் சிரித்துவிடுவேன். அவள் சிரிக்க மாட்டாள். பேனாவோடு நிற்பாள். "பத்து மணி" என்று நான் சொன்னால், "பத்து மணி. சரியா?" என்று கேட்டு எழுதிக்கொண்டுதான் நகர்வாள்.

அவள் ஊர் செடெனாக். அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலைகள் ஏற்றும் லாரி ஓட்டுபவர். இவள் பாசிர் கூடாங்கில் தொழிற்சாலைப் பெண்கள் இரண்டு பேரோடு ஓர் அறையில் இருந்தாள். விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்துகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிளில் நுழைந்து வந்துவிடுவாள். குள்ளமான உருவம். காலணியை மட்டும் தினமும் வெள்ளை பாலிஷ் போட்டுப் பளபளவென்று வைத்திருப்பாள். மதியச் சோற்றை நின்றுகொண்டே சாப்பிடுவாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது என்பாள்.

வேலைக்கு வந்தபோதே அவளுக்கு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். பையன் இரண்டரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் கடலோர ஊரான மெர்சிங்கில் படகு இன்ஜின் பழுதுபார்ப்பவர். தீவுகளுக்குப் போகும் படகுகள் இருக்கின்றனவே, அவற்றின் இன்ஜின்கள். அப்பா இல்லை. அம்மாவும் பையனும் மட்டும். கார்த்திகையில் கல்யாணம் வைப்பதாகப் பேச்சு. அப்போதுதான் மழைக்காலத்துக்காகப் படகுகள் நிற்கும், அவருக்கும் வேலை இருக்காது.

சிக்கல் என்னவென்றால், மெர்சிங்கில் இவளுக்கு வேலை கிடைக்கக்கூடிய இடம் ஒரு டயாலிசிஸ் மையம்தான். அங்கே போன் போட்டுக் கேட்டிருக்கிறாள். வார்டில் முழுதாக ஒரு வருஷம் வேலை செய்த தாதியைத்தான் எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். இவள் சேர்ந்தது மே மாதம். கல்யாணத்தன்று ஆறு மாதம்தான் முடிந்திருக்கும். அன்றே மெர்சிங் போனால் கையில் ஒன்றும் இருக்காது, மூன்று வருஷப் படிப்பு வீட்டுக்குள்ளேயே கிடக்கும்.

ஆவணி மாதம் செடெனாக்கில் நிச்சயம் வைத்தார்கள். என்னையும் அழைத்திருந்தாள். வீட்டு முன்னால் கூடாரம் போட்டு, பாய் விரித்து, இரண்டு பக்கமும் தட்டுகளை வைத்திருந்தார்கள். நான் பெண்கள் பக்கத்தில் கடைசியில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் தாய்மாமா எழுந்து, பேசி முடித்ததைச் சபைக்குச் சொன்னார்.

"கார்த்திகைல கல்யாணம். தாலி ஏறுனதும் பொண்ணு மெர்சிங் வந்துடும். மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். எல்லாருக்கும் சம்மதம்தானே? தட்ட மாத்திடலாமா?"

எல்லாரும் "சரி சரி" என்றார்கள். யாரோ தட்டைத் தூக்கியும் விட்டார்கள். அப்போது புடவையில், தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தவள் வாயைத் திறந்தாள்.

"மாமா, நீங்க சொன்னத நான் ஒரு தடவ திருப்பிச் சொல்றேன். தப்பா இருந்தா சொல்லுங்க."

அவள் அப்பாவின் முகம் செத்துவிட்டது.

"கார்த்திகைல கல்யாணம். சரி. கல்யாணம் முடிஞ்சதும் நான் மெர்சிங் வரணும். அப்படின்னா அதுக்கு முன்னாடியே நான் வேலைய விடணும். இது யாரு சொன்னது? மாமாவா, அத்தையா, இல்ல அவரா?"

யோசித்துப் பார்த்தால், யாருமே அதைச் சொல்லியிருக்கவில்லை. எல்லாரும் மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

"அலமாக்! பொண்ணு மிஸ்ஸின்னு சொன்னாங்க, வக்கீல் மாதிரி கேக்குது" என்றார் மாமா. சிலர் சிரித்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. "வேலைய விடச் சொல்லி நான் சொன்னேனாம்மா? புருசன் ஒரு ஊரு, பொண்டாட்டி ஒரு ஊருன்னு இருக்க முடியுமா? அத நீயே சொல்லு" என்றார்.

"முடியாது அத்தை. அதான் இப்பவே கேக்கறேன். எனக்கு ஒரு வருஷம் முடியணும். மே மாசம் வரைக்கும். அதுக்கு அப்புறம் மெர்சிங்ல வந்து இருப்பேன். இது என் வார்த்தை."

தூக்கிய தட்டு கீழே இறங்கியது. அவள் அம்மா பின்னாலிருந்து தொடையைக் கிள்ளியதை நான் பார்த்தேன். அவள் அசையவில்லை. தேநீர் கொண்டுவந்து வைத்தார்கள், யாரும் தொடவில்லை. இந்தக் கல்யாணம் இத்தோடு போச்சு என்றுதான் நான் நினைத்தேன். அவளும் அப்படி நினைத்திருப்பாள். மடியில் வைத்திருந்த விரல்கள் மட்டும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன.

கடைசியில் பேசியது மாப்பிள்ளைதான். என்னைப் போலவே பேச்சு வராத ஆள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. மாமாவைப் பார்க்காமல் பாயைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மழைக்காலத்துல எனக்கு அங்க என்ன வேல? படகெல்லாம் கரையில கிடக்கும். மார்ச்ல தான் ஓடும். அதுவரைக்கும் நான் பாசிர் கூடாங் போய் இருக்கேன்."

"மாப்பிள்ளை போய் பொண்ணு இருக்கற ஊர்ல உக்காந்துக்கறதா? நல்லா இருக்கு லா கத!" என்றார் மாமா.

"அவங்க வீட்டுல இல்ல மாமா. வாடகைக்கு ஒரு இடம் பாத்துக்கறோம். மார்ச்சுக்கு அப்புறம் ரெண்டு மூணு மாசம்தான். வாரா வாரம் நான் போய் வந்துக்கறேன்."

அவர் அம்மா ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். பிறகு, "தட்ட மாத்துங்க. நேரம் போவுது" என்று மட்டும் சொன்னார்.

கல்யாணத்துக்கு அவளுக்குக் கிடைத்தது மூன்று நாள் விடுப்பு. நான்காம் நாள் காலை வேலைக்கு வரவேண்டும். அங்கேதான் அடுத்த இடி விழுந்தது. வார்டில் முழங்கைக்குக் கீழே ஒன்றும் போடக்கூடாது. மோதிரம்கூடக் கூடாது. இவள் இரண்டு கையிலும் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்கள். தாலி ஏறிய பெண் மூன்று மாதத்துக்குக் கையை வெறுமையாக வைக்கக்கூடாது என்பது மாமியாரின் உறுதி. வாடகை வீட்டில் பால் காய்ச்சிக் கொடுப்பதற்காக அவரும் பாசிர் கூடாங் வந்திருந்தார்.

அன்று காலை ஏழு மணிக்கு முன்னால், மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் மாமியாரும் மருமகளும் நின்றிருந்தார்கள். நான் மேலே போக லிஃப்டுக்குக் காத்திருந்தேன். சீருடையோடு வந்த அவள் இரண்டு கையையும் நீட்டினாள்.

"அத்தை, நீங்க போட்டு விட்டது. நீங்களே கழட்டுங்க. ரெண்டு மணிக்கு டூட்டி முடியும். நீங்களே திரும்பப் போட்டு விடுங்க."

மாமியார் அவளையும் பார்த்தார், சுவரில் இருந்த கடிகாரத்தையும் பார்த்தார். பிறகு சோப்பு கேட்டார். கழிவறைக்குப் போய் நுரை போட்டு, ஒன்றுகூட உடையாமல் ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கினார்.

"வீட்டுக்குப் போங்க அத்தை. நான் வந்துடறேன்."

"வளையல் ஒரு பக்கம், பொண்ணு ஒரு பக்கமா இருக்கக் கூடாது. ரெண்டும் ஒரே கட்டடத்துல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் காவலாளியின் பக்கத்து நாற்காலியில் டின்னை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டார்.

மூன்று நாள் அப்படியே உட்கார்ந்திருந்தார். காவலாளி அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தான். வார்டில் எல்லாரும் மிஸ்ஸியைக் கேலி செய்தார்கள். "கீழ உங்க நகைக்கடை தொறந்திருக்கு மிஸ்ஸி" என்பார்கள். அவள் அதற்கும் சிரிக்காமல், "ரெண்டு மணிக்கு மூடிடுவாங்க" என்பாள்.

மூன்றாம் நாள் நான் கீழே இறங்கியபோது மாமியார் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, மேல இவ என்ன வேல செய்வா?"

எனக்கு வழக்கம்போல் நாக்கு ஒட்டிக்கொண்டது. "மருந்து கொடுப்பாங்க. ஊசி போடுவாங்க. ரத்தம் எடுப்பாங்க" என்றேன்.

"ரத்தமா? கை நடுங்காதா அவளுக்கு?"

"நடுங்காதும்மா. நடுங்கறவங்க கைய அவங்க பிடிச்சுக்குவாங்க."

நான் அவ்வளவு நீளமாகப் பேசியது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் டின் மூடியை அழுத்தி மூடினார். அன்று மாலை ஊருக்குக் கிளம்பும்போது டின்னை என்னிடம் கொடுத்தார். "நீ வச்சுக்கோ. அவ டூட்டில இருக்கறப்ப வளையல் கட்டடத்த விட்டு வெளிய போகக் கூடாது" என்றார். அதற்குப் பிறகு அந்த டின் என் லாக்கரில் இருந்தது. தினமும் அவள் டூட்டி முடிந்ததும் நான்தான் வளையல் போட்டுவிட்டேன்.

மழைக்காலம் முழுக்க மாப்பிள்ளை பாசிர் கூடாங்கில் இருந்தார். ஒரு லாரிப் பட்டறையில் வேலை கிடைத்தது. இவளுக்கு மத்தியான டூட்டி என்றால் இரவுச் சோற்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். படகு இன்ஜின் பார்த்தவருக்கு லாரி இன்ஜின் பிடிக்கவே இல்லை என்று அவள் சொல்லித்தான் தெரியும். அவர் யாரிடமும் புலம்பவில்லை. மார்ச் பிறந்ததும் மெர்சிங் போய்விட்டார். தன் ஓய்வு நாளில் மோட்டார் சைக்கிளில் கோத்தா திங்கி வழியாக வருவார். அந்தச் சாலையில் யானை குறுக்கே வரும் என்று பலகை வைத்திருப்பார்கள். அவர் வந்து சேர்ந்துவிட்டதாகச் செய்தி வரும்வரை, ஒழிந்த நேரத்தில் இவள் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பாள்.

ஏப்ரலில் ஒருநாள் சிஸ்டர், அதாவது வார்டுக்குப் பொறுப்பான மலாய்க்காரப் பெண்மணி, அவளை அறைக்கு அழைத்தார். வெளியே வந்தவள் நேராக லினன் அறைக்குள் போனாள். நான் அங்கே விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அறுவைச் சிகிச்சைப் பிரிவுல எடம் இருக்காம். எனக்குத் தர்றாங்களாம். பயிற்சியும் அவங்களே கொடுப்பாங்க. ரெண்டு வருஷம் இருக்கணும்."

அவள் அதைச் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. அவளுக்கு அது வேண்டும், ரொம்ப வேண்டும். ஆபரேஷன் தியேட்டருக்கு நோயாளியைக் கொண்டுபோய் விடும்போதெல்லாம் அந்தக் கதவின் கண்ணாடி வழியாக அவள் எட்டிப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

"அப்பறம் என்ன மிஸ்ஸி, எடுத்துக்குங்க. வீட்டுக்காரரு ஒத்துக்குவாரு."

"அவரு ஒத்துக்கிட்டாரு. இப்பத்தான் பேசினேன். அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்னாரு. வேணாம்னுட்டேன். மே மாசம்னு சபைல சொன்னது நான். டாக்டர் சொன்ன மருந்த நாமளா மாத்த முடியுமாக்கா? யாரு கிட்ட வாங்கினமோ அவங்களக் கேட்டுத்தான் மாத்தணும்."

"கேட்டு, அவங்க முடியாதுன்னுட்டா?"

ஒரு விரிப்பை எடுத்து மடித்தாள். அது ஏற்கெனவே மடித்தது. "அப்ப முடியாது" என்றாள்.

அவளுடைய அந்தக் குணம் அன்று எனக்குப் பிடிக்கவில்லை. தன்னைத்தானே எதற்கு இப்படிக் கட்டிப்போட்டுக்கொள்ள வேண்டும் என்று கோபம்கூட வந்தது. ஆனால் "துணைக்கு வாங்கக்கா" என்று கூப்பிட்டபோது மறுக்க முடியவில்லை. அடுத்த ஓய்வு நாளில் லார்க்கின் பேருந்து நிலையத்தில் மெர்சிங் பேருந்து ஏறினோம். வழி முழுக்க அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீடு மெர்சிங் ஆற்றுப் பக்கம், தகரக் கூரை போட்ட பலகை வீடு. மாப்பிள்ளை படகுத்துறைக்குப் போயிருந்தார். மாமியார் தரையில் காய்ந்த நெத்திலியைக் குவித்துத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். நாங்களும் உட்கார்ந்து கிள்ள ஆரம்பித்தோம். சாப்பாடு ஆச்சா, பஸ்ஸில் கூட்டமா என்றெல்லாம் விசாரித்து முடிந்ததும் அவள் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. தியேட்டர் வேலை, பயிற்சி, இரண்டு வருஷம், எல்லாவற்றையும் சொன்னாள்.

"மே மாசம் வரேன்னு சொன்னது நான்தான் அத்தை. அத மாத்தலாமான்னு கேக்க வந்தேன். நீங்க வேணாம்னா மாத்தல."

மாமியாரின் விரல்கள் நிற்கவில்லை.

"முடியாதும்மா" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கோவத்துல சொல்லல. நிச்சயத்தன்னிக்கு உனக்கு இருந்த தைரியம் எனக்கு இல்ல, வாய மூடிக்கிட்டேன். மழைக்காலத்துல பையன அனுப்பிட்டேன். மூணு மாசம் இந்த வீட்டுல நான் ஒரு ஆளு. கூரைல மழ, அந்தப் பக்கம் கடலு. டீவியப் போட்டா அதுவும் கேக்காது. பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா, அந்த மக்சிக் தான் தெனம் வந்து, உயிரோட இருக்கேனான்னு பாத்துட்டுப் போவாங்க. இன்னும் ரெண்டு மழைய நான் தனியா பாக்க மாட்டேன்."

"சரி அத்தை" என்றாள் மிஸ்ஸி.

நெத்திலியை எடுத்துக் கிள்ளினாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், தலைகளைத் தட்டில் போட்டு, மீனைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். மாமியாரும் அதைப் பார்த்தார். குப்பையிலிருந்து மீன்களைப் பொறுக்கித் தட்டில் போட்டார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சாமி மேடைக்குப் போய், விபூதித் தட்டின் கீழிருந்து ஒரு தாளை எடுத்துவந்தார்.

"இந்தா. அந்த டயாலிசிஸ் எடத்துல கொடுத்தாங்க. மூணு தடவ போனேன். முதல் ரெண்டு தடவ அங்க பொறுப்பா இருக்கற பெரியம்மா இல்லன்னுட்டாங்க. மூணாந்தடவ பாத்துட்டேன். என் மருமக ரத்தம் எடுத்தா கை நடுங்காதுன்னு சொன்னேன். ஒரு வருஷம் முடிஞ்சா வரச் சொல்லு, இத எழுதிக் கொடுக்கச் சொல்லுன்னாங்க. எனக்கு இது படிக்கத் தெரியாது."

மிஸ்ஸி தாளை வாங்கினாள். வேலைக்கான விண்ணப்பம். நான்காக மடித்திருந்த மடிப்பில் விபூதி ஒட்டியிருந்தது.

"எப்ப போனீங்க அத்தை?"

"அது எதுக்கு உனக்கு? இங்க வந்து நெத்திலி கிள்ளிட்டு உக்காந்திருக்கலாம்னு பாக்கறியா? பேனா இருக்கா?"

அவள் பையில் எப்போதும் பேனா இருக்கும். நெத்திலியை ஒதுக்கிவிட்டு, ஒரு பழைய தட்டைக் கவிழ்த்து அதன்மேல் தாளை வைத்து எழுதத் தொடங்கினாள். பெயர், அடையாள அட்டை எண், படிப்பு. வேக வேகமாக எழுதினாள்.

"காலையா மத்தியானமான்னு கேட்டிருப்பாங்க. காலைன்னு போடு. மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்கு வந்துடலாம்" என்றார் மாமியார்.

"ரெண்டுக்கும் போடறேன் அத்தை. ரெண்டுக்கும் வர்ற ஆளத்தான் எடுப்பாங்க."

மாமியார் முகத்தைச் சுளித்தார். "போடு, போடு. நான் சொன்னா நீ கேக்கவா போற" என்றார்.

முகவரி என்ற இடத்தில் பேனா நின்றது. கொஞ்சநேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தியேட்டர் கதவை நினைத்தாளோ என்னவோ, எனக்குத் தெரியாது.

"அத்தை, வீட்டு நம்பர் என்ன?"

"நம்பரா? தபால்காரன் என் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவான். வாசல் கம்பத்துல எழுதியிருக்கும், பாரு."

அவள் எழுந்து வெளியே போனாள். வெயில் சுள்ளென்று அடித்தது. கம்பத்தில் இருந்த எண் உப்புக் காற்றில் வெளிறிப்போயிருந்தது. குனிந்து கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தாள். ஒருமுறை படித்தாள். உள்ளே வந்து, கவிழ்த்த தட்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதை எழுதினாள்.